வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் காரணம் சொல்லும் ஒரு கூடைப்பந்து வகுப்பு

யாழ்ப்பாணத்தில் பிள்ளையைக் கூடைப்பந்து பழக எங்கே விடலாம் என்று பலர் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன். மகள் போகிற வகுப்பு நகருக்குள்தான், பின்னேரங்களில் நடக்கிறது, பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பெயரை இங்கே போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன், நடத்துகிறவர் ஒரே ஒரு ஆள், ஆகவே வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். ஒரு பாடத்துக்கு ரியூட்டரியில் கட்டுகிற காசை விடச் சற்றுக் கூடத்தான் வாங்குகிறார். அதற்குப் பெறுமதி இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பேன், முக்கியமாக ஒரு விடயத்துக்காக: மட்ச் நாளில் எந்தப் பிள்ளைக்கு எத்தனை நிமிடம் என்பதை அந்த சேர் எப்படி முடிவெடுக்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இது பெரிய விடயமா என்று கேட்பவர்கள் புதிதாக விளையாடத் தொடங்கிய பிள்ளையோடு ஒரு சுற்றுப்போட்டிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு முதல் மகள் போன இடத்தில் (அதன் பெயரும் வேண்டாம்) சீருடைக்குக் காசு வாங்கினார்கள், வானுக்குக் காசு வாங்கினார்கள், பிள்ளை போட்டி முடியும்வரை வாங்கில் இருந்துவிட்டு வியர்க்காத ரீசேட்டோடு வீட்டுக்கு வந்தாள். ஏன் என்று கேட்டால் "அடுத்தமுறை பாப்பம்" என்றார்கள். விளையாட விடாதது கூடப் பரவாயில்லை, புதுப் பிள்ளை, அதில் நியாயம் இருக்கலாம். எதைத் திருத்தினால் அடுத்தமுறை உள்ளே இறக்குவீர்கள் என்ற கேள்விக்கு அங்கே ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

இங்கே சேர்ந்த புதிதில் சேர் பெற்றோரைக் கூப்பிட்டு இருத்தி, வெள்ளைப் பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். சர்வதேச விதிப்படி ஒரு மட்ச் 40 நிமிடம், 10 நிமிடமாக நாலு குவாட்டர். ஒரே நேரத்தில் களத்தில் நிற்பது ஐந்து பேர். ஆக ஒரு அணியின் கையில் இருப்பது மொத்தம் 200 நிமிடம். பட்டியலில் 12 பிள்ளைகள் இருந்தால் சரிசமமாகப் பிரித்தால் தலைக்கு 16 நிமிடமும் 40 செக்கனும். "இதில ஆராவது 16 நிமிசத்தோட சந்தோசமா வீட்ட போவியளோ?" என்று கேட்டார், எல்லாரும் சிரித்துவிட்டோம், ஏனென்றால் அங்கே வந்திருந்த ஒவ்வொருவரின் மனதிலும் தன் பிள்ளைக்கு ஒரு 30 நிமிடம் இருந்தது. ஒரு பிள்ளை 30 நிமிடம் ஆடினால் அந்தக் கூடுதல் 13 நிமிடம் வேறொரு பிள்ளையிடமிருந்துதான் வரும், வேறெங்கிருந்தும் வராது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. சிநேகபூர்வ ஆட்டங்களில் வந்த எல்லாப் பிள்ளைக்கும் குறைந்தது ஒரு குவாட்டர் அளவு நேரம் நிச்சயம், தோற்றாலும் பரவாயில்லை. சுற்றுப்போட்டியில் அந்த உத்தரவாதம் இல்லை, ஒரு நிமிடமும் கிடைக்காமல் போகலாம், அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். முன்கூட்டியே, பெற்றோரின் முகத்துக்கு நேரே. ஸ்பெயினில் சின்னப் பிள்ளைகளின் மினி கூடைப்பந்தில் ஒவ்வொரு பிள்ளையும் குறிப்பிட்ட அளவு பகுதிகளில் களத்தில் நின்றே ஆக வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதைப் பயிற்றுவிப்பாளரின் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறோம், ஆகவே அந்த மனச்சாட்சி எப்படிப்பட்டது என்று விசாரித்துவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும்.

நான் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏ பார்க்கிற ஆள், அதில் ஒரு மட்ச் 48 நிமிடம். அங்கே முதல் வருட ஆட்டக்காரரை ரூக்கி என்பார்கள், ஒவ்வொரு சீசனிலும் "ஏன் இந்தப் பெடியனை இறக்கவில்லை" என்று ரசிகர்கள் கோச்சைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரரை எடுக்கிற தெரிவில் (டிராஃப்ட்) 2003ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதாக எடுக்கப்பட்ட லெப்ரோன் ஜேம்ஸ் முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 39.5 நிமிடம் ஆடினார். இரண்டாவதாக எடுக்கப்பட்ட டார்கோ மிலிசிச்சுக்குக் கிடைத்தது 4.7 நிமிடம். திறமை வித்தியாசம் இருந்தது, யாரும் மறுக்கவில்லை, ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்கள். லெப்ரோன் போன கிளீவ்லாந்து அதற்கு முந்திய சீசனில் 82 ஆட்டங்களில் 17ஐத்தான் வென்றிருந்தது, அங்கே ரூக்கி பிழைவிட்டால் இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. டார்கோ போன டெட்ராயிட் அந்த சீசனில் கிண்ணத்தையே தூக்கியது. அங்கே இருந்த லாரி பிரவுன் போன்ற ஒரு கோச், கிண்ணம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், 18 வயதுப் பெடியனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு நிற்க மாட்டார். பிறகு பெரிய நட்சத்திரங்களானவர்களையும் பாருங்கள், கோபி பிரையன்ட்டே முதல் சீசனில் 15.5 நிமிடம்தான், ஸ்டீவ் நாஷ் 10.5, ஜிம்மி பட்லர் வெறும் 8.5. அந்த பட்லரைத்தான் அவரை வாங்கில் இருத்திய அதே கோச் திபோடோ அடுத்த வருடம் சீசன் முடிவில் வருகிற பிளேஓஃப் ஆட்டங்களில் முழு 48 நிமிடமும் வெளியே எடுக்காமல் ஓடவிட்டார். மறுபக்கம் 19 வயது டோனி பார்க்கர், கண்டிப்புக்குப் பேர்போன கோச் பொப்போவிச்சிடம் போய், முதல் சீசனில் ஆடிய 77 ஆட்டங்களில் 72ல் தொடக்க ஐவரில் நின்றார், ஏனென்றால் சான் அன்டோனியோவில் அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்த ஏவரி ஜோன்சன் அந்த வருடம்தான் வேறு அணிக்குப் போயிருந்தார். இடம் காலியாக இருந்தது, பெடியன் நிரப்பினான். இதையெல்லாம் இங்கே கொண்டுவருவதற்குக் காரணம், தன் பிள்ளையின் நிமிடம் குறைந்தால் பிள்ளைக்குத் திறமை இல்லை என்றோ கோச்சுக்குக் கண் இல்லை என்றோ பெற்றோர் ஓடிப்போய் முடிவு கட்டுவதைப் பார்த்து அலுத்துவிட்டது. உங்கள் பிள்ளை நிற்கக்கூடிய இடத்தில் ஏற்கனவே யார் நிற்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.

சரி, வகுப்புக்கு வருவோம். மகள் வலைப்பந்திலிருந்து வந்தவள். இங்கே பெண் பிள்ளைகளில் பலரும் அப்படித்தான், 2019 உலகக் கிண்ணத்தில் மற்ற எல்லாரையும் விடக் கூடுதலான கோல் போட்ட தர்ஜினி சிவலிங்கம் பிறந்த மண், வலைப்பந்து இல்லாத பெண்கள் பாடசாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான், வளையம் இரண்டிலும் 3.05 மீற்றர் உயரத்தில்தான். உள்ளே இறங்கினால் கதை வேறு. வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் மறிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விடயம்தான் மகளைத் தொடக்கத்தில் வாங்கில் இருத்தியது. வருடக்கணக்காகப் பழகிய கால், எதிரணிப் பிள்ளை பந்தோடு நின்றால் தன்பாட்டில் ஒரு எட்டுப் பின்னால் போய்விடும். கூடைப்பந்தில் அந்த இடைவெளி கிடைத்தால் எதிரணிப் பிள்ளை ஆறுதலாகக் குறிபார்த்துப் போடுவாள். நான் கரையில் நின்று மகள் எத்தனை கூடை போடுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், சேர் அவளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டபோது சொன்னார்: "அண்ணை, அவ கூடை போடாட்டி எனக்கு ஒண்டும் குறையாது, மற்ற நாலு பேர் போடுவினம். அவ மறிக்காட்டி ஒவ்வொரு தரமும் ரெண்டு புள்ளி போகுது." இது எனக்கு அப்படியே புத்தியில் ஏறியது. புதுப் பிள்ளைகளை அளவெடுக்கிற வரிசை அவரிடம் இப்படித்தான் இருக்கிறது: மறிப்பது, பந்தைத் தொலைக்காமல் இருப்பது, தான் நிற்க வேண்டிய இடம் தெரிந்திருப்பது, அதற்கெல்லாம் பிறகுதான் கூடை. வீட்டில் ரிங் பூட்டி நாள் முழுக்க எறிந்து பழக்குகிற அப்பாமார் கவனிக்க.

பவுல் (விதிமீறல்) விடயமும் அப்படித்தான். புதுப் பிள்ளை காலால் ஓடி மறிக்காமல் கையை நீட்டித் தட்டும், விசில் வரும். ஐந்து பவுலோடு அந்தப் பிள்ளை வெளியே, அது எல்லாருக்கும் தெரியும். பலர் யோசிக்காதது, ஒரு குவாட்டரில் அணியின் பவுல் நாலைத் தாண்டினால் அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு மறிப்புப் பவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் எறிகிற வாய்ப்பு. ஒரு புதுப் பிள்ளை குவாட்டரின் தொடக்கத்தில் இறங்கி அவசரத்தில் மூன்று பவுலைச் செலவழித்துவிட்டு வந்தால், மிச்ச நிமிடம் முழுக்க மூத்த பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும். அதனால் இவர் புதியவர்களை முதலாம் குவாட்டரின் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்குகிறார். பவுல் எண்ணிக்கை அடுத்த குவாட்டரில் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும், எதிரணியும் அந்த நேரத்தில்தான் தன் மாற்று ஆட்டக்காரிகளை இறக்கும். அதுவும் ஒரு புதுப் பிள்ளையை நாலு பழையவர்களோடு இறக்குவார், இரண்டு புதியவர்கள் ஒன்றாக நிற்பது சிநேகபூர்வ ஆட்டத்தில் மட்டும்தான். இறங்குவதற்கு முதல் ஒரே ஒரு வேலை சொல்வார். "பத்தாம் நம்பர் பந்து வாங்கக்கூடாது", அவ்வளவுதான். மூன்று நிமிடத்துக்குப் பிறகு வெளியே எடுத்து அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் கதைப்பார்.

மகளுக்கு நேரம் கூடியது வேறு வழியாக. எதிரணி முழுக் களத்திலும் பிரஸ் பண்ணத் (நெருக்கி மறிக்கத்) தொடங்கினால் எங்கள் பிள்ளைகள் பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே கொடுக்கவே திணறுவார்கள், ஐந்து செக்கனுக்குள் கொடுக்காவிட்டால் பந்து எதிரணிக்கு, உள்ளே வந்த பிறகும் எட்டு செக்கனுக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். பதற்றத்தில் தட்டிக்கொண்டு ஓடப்போய் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். வலைப்பந்துப் பிள்ளைக்கு அந்தப் பதற்றம் இல்லை, மூன்று செக்கனுக்குள் பந்தை விட்டே பழகிய கை, தட்டுகிற எண்ணமே வராது, நிமிர்ந்து ஆளைப் பார்த்துக் கொடுத்துவிடும். சேர் இதைக் கண்டுபிடித்து, எதிரணி பிரஸ் பண்ணுகிற நேரமெல்லாம் அவளை இறக்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஒரு நிமிடம், அரை நிமிடம். பிறகு பிரஸ் முடிந்தும் வெளியே எடுக்காமல் விட்டார். வளையத்துக்குக் கிட்ட ஓடிப்போய்ப் பலகையில் பட்டு விழுகிற மாதிரி லே-அப் போட இன்னும் அவளுக்குச் சரியாக வராது, நேரே வளையத்துக்குத்தான் எறிவாள், ஆனாலும் இப்போது அணிக்கு அவளிடம் ஒரு வேலை இருக்கிறது. அவளிடம் இல்லாத திறமையைச் சொல்லி வாங்கில் இருத்தியவரே இருக்கிற திறமையைப் பார்த்து உள்ளே இறக்கினார் என்பதால்தான் நான் அவரை நம்புகிறேன்.

பிழைவிட்டவுடன் வெளியே இழுக்கிற பழக்கம் இவரிடம் இல்லை. அது பல கோச்மாரிடம் இருக்கிற வியாதி, பிள்ளை ஒரு பாஸைத் தவறவிட்டு உடனே வாங்கைத் திரும்பிப் பார்க்கும், அதற்குப் பிறகு அது விளையாடுவது கூடைப்பந்து இல்லை. இவர் தெரியாமல் விட்ட பிழைக்கு விட்டுவிடுவார், ஓடாமல் விட்ட பிழைக்கு உடனே மாற்றுவார். பந்தைப் பறிகொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றால் மூத்த பிள்ளை என்றாலும் வெளியேதான், அணித் தலைவியையே அப்படி எடுத்திருக்கிறார்.

இனிக் குறைகள்.

சேரிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளை இறங்கும்போதும் வெளியே வரும்போதும் அந்த நேரத்துப் புள்ளியைக் குறித்து வைப்பார், அவள் நின்ற நேரத்தில் அணி எத்தனை கூடியது, எத்தனை குறைந்தது என்று பார்ப்பார். என்பிஏ புள்ளிவிபரத்திலும் இதே கணக்கு வரும், பிளஸ் மைனஸ் என்பார்கள். கேட்டால் பெற்றோருக்கும் காட்டுவார், அது நல்லது. ஆனால் மூன்று நிமிடம் ஆடிய பிள்ளைக்கு இந்த இலக்கத்தை எழுதுவதில் அர்த்தமே இல்லை. அந்த மூன்று நிமிடத்தில் எதிரணியில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு எறிந்த பந்து விழுந்தாலும் அது இவளின் கணக்கில்தான் ஏறும். ஒரு சீசன் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது தெரியும், ஒரு மட்சை வைத்துப் பார்த்தால் பிள்ளையின் மனம்தான் உடையும். இதை அவரிடம் சொன்னேன், தலையாட்டினார், கொப்பி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வரவு விடயத்தில் எனக்குச் சரியான கோபம். பிரக்டிஸுக்கு வராத பிள்ளைக்கு நிமிடம் குறையும் என்பது அவரின் சட்டம். கொள்கையாகக் கேட்டால் நியாயம்தான், வராத பிள்ளைக்கு அந்தக் கிழமை பழக்கிய நகர்வு தெரியாது, களத்தில் மற்ற நாலு பேரையும் குழப்பும். ஆனால் நகருக்குள் இருக்கிற பிள்ளை சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், காரைநகரிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு பஸ் பிந்தினால் அரைவாசிப் பிரக்டிஸ் போய்விடும், கொப்பியில் இரண்டு பேருக்கும் ஒரே சட்டம். ஓஎல் எடுக்கிற வருடம் என்றால் இன்னும் மோசம், சனி ஞாயிறு முழுக்க ரியூஷன், எந்த அம்மா அதை விட்டுவிட்டு கிறவுண்டுக்கு அனுப்புவார்? இப்படி நல்லாக ஆடிய இரண்டு மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். தூர இடத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கிழமை நகர்வை வீடியோ எடுத்து வட்ஸ்அப் குரூப்பில் போடலாமே என்று கேட்டேன். அதை மட்டும் இப்போது செய்கிறார், சட்டத்தை மாற்றவில்லை.

உயரத்துக்கு மயங்குகிறார் என்பது மற்றப் பெற்றோரின் முறைப்பாடு. உண்மைதான், உயரமான ஒரு பிள்ளை வந்து ஒரு மாதத்துக்குள் மற்றவர்களைத் தாண்டி இறங்கியது. நேரே கேட்டவருக்கு அவர் சொன்ன பதில், "மற்ற எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கலாம், உயரத்தைச் சொல்லிக் குடுக்க ஏலாது அண்ணை." நேர்மையான பதில், கேட்டவர் சமாதானமாகவில்லை, நானும் பாதிதான். விழாமல் திரும்புகிற பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, உயரம் தேவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இடம் தெரியாமல் நிற்கிற பிழையை மன்னிக்கிறவர் மற்றப் பிள்ளைக்கு அதே பிழைக்கு நிமிடத்தைக் குறைக்கிறார் என்றால், மேலே நான் எழுதிய வரிசைக்கு என்ன பெறுமதி?

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக. சீமெந்துத் தரை, கூரை இல்லை, பங்குனி சித்திரை வெயிலில் நாலு மணிக்குத் தரை கொதிக்கும், மலிவுச் சப்பாத்து தாங்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி நாள் வகுப்பே நடக்காது, காசு மட்டும் முழுசாகக் கட்ட வேண்டும், இதற்கு ஒரு வழி அவர் பார்க்கத்தான் வேண்டும். மின்குமிழ் ஒன்று எரிவதில்லை, இருட்டினால் ஒரு பக்க வளையத்தில்தான் எறியலாம். தண்ணீர் கொண்டு போங்கள். பந்துகளில் ஆண்களுக்கான 7ஆம் அளவும் பெண்களுக்கான 6ஆம் அளவும் கலந்து கிடக்கின்றன. பெண் பிள்ளைகள் கையில் அகப்பட்டதை வைத்துப் பழகிவிட்டு மட்ச் நாளில் 6ஆம் அளவைப் பிடித்தால் எறிவது எல்லாம் நீளமாகப் போகும். இது காசு கொடுத்தால் தீர்கிற பிரச்சினை, ஏன் இழுபடுகிறது என்று விளங்கவில்லை.

யாருக்குப் பொருந்தும்? பிள்ளை கிழமையில் மூன்று பின்னேரம் ஒழுங்காகப் போகக்கூடிய இடத்தில் இருந்தால், புதிதாகத் தொடங்குகிறது என்றால், வேறு விளையாட்டிலிருந்து வருகிறது என்றால், கட்டாயம் விடுங்கள். கிண்ணத்தோடு படம் எடுத்துப் போட வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிற பெற்றோருக்கு இது சரிவராது, முதல் சீசனில் உங்கள் பிள்ளை பெரும்பாலும் வாங்கில்தான் இருக்கும், அதை அவரே முதல் நாளில் சொல்லிவிடுவார். ஓஎல் வருடத்துப் பிள்ளை என்றால் சோதனை முடியட்டும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். சேர்க்கப் போகிறவர்கள் தை மாதத்தில் போங்கள், மழை விட்டிருக்கும், புதுப் பிரிவும் அப்போதுதான் தொடங்கும், சிநேகபூர்வ ஆட்டங்களும் அந்த மாதங்களில்தான் கூட. போகும்போது 6ஆம் அளவுப் பந்து ஒன்றை வாங்கிப் பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.